அப்டேட் எந்தப் படியில் நின்றது?

ஆன்லைன் கேம் ஒன்று அப்டேட் ஆகவில்லை என்று சொன்னவுடன் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் அறிவுரை, அதை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி நிறுவு என்பதுதான். கணினிக் கோளாறு பார்ப்பவன் என்று நண்பர்களிடையே பெயர் வாங்கிவிட்டதால், அந்த அறிவுரையைக் கேட்டு, நூறு ஜிபிக்கும் மேற்பட்ட கோப்புகளை அழித்து, இரவெல்லாம் மறுபடி இறக்கி, கடைசியில் பழைய இடத்திலேயே பழைய பிழைச் செய்தியைப் பார்த்துச் சோர்ந்துபோனவர்களின் கணினிகள் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. அந்த அறிவுரை எப்போதும் பலிக்காது என்று சொல்ல மாட்டேன். பலிக்கும்போது எது சரியாயிற்று என்று தெரிவதில்லை என்பதும், பலிக்காதபோது கோளாறின் இருப்பிடத்தைக் காட்டியிருக்கக்கூடிய தடயங்கள் அனைத்தும் அதற்குள் அழிந்துவிடுகின்றன என்பதும்தான் எனக்கு அதன்மேல் உள்ள குறை. நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: அப்டேட் எந்தப் படியில் நின்றது?

திரையில் ஒரே பட்டையாக நகரும் அந்த வேலை உண்மையில் ஏழெட்டுத் தனி வேலைகளின் கோவை. கேமை இறக்கி, புதுப்பித்து, திறந்துவைக்கும் நிரலான லாஞ்சர் முதலில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பிறகு சர்வரிடம் இப்போதைய பதிப்பு எது என்று கேட்கிறது. அந்தப் பதிப்பில் இருக்க வேண்டிய ஒவ்வொரு கோப்பின் பெயர், அளவு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் என்னும் அடையாள எண் ஆகியவை அடங்கிய மேனிஃபெஸ்ட் என்னும் பட்டியலைப் பெறுகிறது. நம் வட்டில் உள்ளவற்றை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. மாறியிருக்கும் துண்டுகளை மட்டும் சி.டி.என். எனப்படும் விநியோக வலையமைப்பின் ஏதோ ஒரு சர்வரிலிருந்து சுருக்கிய வடிவில் இறக்குகிறது. அவற்றை விரித்து, பழைய கோப்பின் மாறாத பகுதிகளோடு சேர்த்துப் புதிய கோப்பைக் கட்டுகிறது. அதன் ஹேஷைக் கணக்கிட்டுச் சரிபார்க்கிறது. கடைசியில் பழைய கோப்பை நீக்கிப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. இந்தப் படிகளில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில்தான் உடையும். பதிப்பைக் கேட்கும் படியில் உடைந்ததற்கு வட்டைத் துடைப்பதும், கோப்பை எழுதும் படியில் உடைந்ததற்கு ரவுட்டரை அணைத்துப் போடுவதும் வீண் உழைப்பு.

மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் இந்தக் கலை புதிதன்று. ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மெக்கெரஸும் ஆர்சிங்க் முறையை 1996இல் வெளியிட்டார்கள். இரண்டு பைனரி கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சிறு பொதியாக்கும் பிஎஸ்டிஃப் கருவியை காலின் பெர்சிவல் 2003இல் எழுதினார். 2004இல் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், அப்டேட்டுகளை விளையாடுவோரின் கணினிகளிடையே பகிர்ந்தளிக்க பிட்டாரன்ட் முறையையே பயன்படுத்தியது. இன்று ஸ்டீம் என்னும் கேம் விற்பனைத் தளம் தன் உள்ளடக்கத்தை ஏறக்குறைய 1 எம்பி அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. இந்த வரலாறு நமக்கு ஏன் என்றால், 'அப்டேட் 300 எம்பிதான், ஆனால் ஒரு மணி நேரமாக நகரவில்லை' என்ற புகாரின் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கேமின் படங்களும் ஒலிகளும் பெரும்பாலும் பல ஜிபி அளவுள்ள சில மூட்டைக் கோப்புகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கோப்பு ஒன்றில் சிறிதளவே மாறியிருந்தாலும், அதை மொத்தமாகப் படித்து, மொத்தமாகத் திரும்ப எழுத வேண்டிவரலாம். இணையத்தில் வந்தது 300 எம்பி. வட்டில் புரண்டது 60 ஜிபி. பட்டை நிற்கிறதே என்று கணினியை அணைப்பதற்கு முன், டாஸ்க் மேனேஜரில் வட்டின் உழைப்பு எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். வட்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தால் கோளாறு எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

இதே காரணத்தால் இடப் பற்றாக்குறையும் எதிர்பாராத அளவில் வரும். புதிய கோப்பு முழுமையாகக் கட்டப்பட்டுச் சரிபார்க்கப்படும் வரை பழையது நீக்கப்படுவதில்லை என்பதால், சிறிய அப்டேட்டுக்கும் பல பத்து ஜிபி காலியிடம் தேவைப்படலாம். லாஞ்சர் இடைக்காலக் கோப்புகளைக் கேம் இருக்கும் வட்டில் வைக்கிறதா, விண்டோஸ் இருக்கும் சி வட்டில் வைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டி வட்டில் மலையளவு இடம் இருந்தும் சி நிரம்பியதால் நின்றுபோன அப்டேட்டுகள் உண்டு. வெளிப்புற வட்டில் விளையாடுகிறவர்கள் அது எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைக்கப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. அந்த முறையில் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பை எழுதவே முடியாது. நேற்று வரை 3.9 ஜிபியாக இருந்த மூட்டை இன்று கொஞ்சம் வளர்ந்ததும் அப்டேட் நிற்கும். வட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் பயனில்லை.

எதையும் தொடுவதற்கு முன் விலக்க வேண்டிய ஐயம் ஒன்று உண்டு: இது எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா? புதிய அப்டேட் வந்த முதல் சில மணி நேரத்தில் சர்வர்கள் திணறுவது வழக்கம். 2021 ஜூலை 22 அன்று அகமாய் என்ற சி.டி.என். நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவையில், அதாவது இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் சேவையில், ஏற்பட்ட பிழையால் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் உள்ளிட்ட பல சேவைகள் சுமார் ஒரு மணி நேரம் முடங்கின. அந்த ஒரு மணி நேரத்தில் தன் கேமை அழித்து மறுபடி நிறுவத் தொடங்கியவருக்கு நல்ல கேம் போனதுதான் மிச்சம்.

எல்லோருக்கும் ஓடுகிறது, நமக்கு மட்டும் ஓடவில்லை என்று உறுதியானால், லாஞ்சர் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறக்க வேண்டும். திரையில் காட்டப்படும் 'ஏதோ தவறு நேர்ந்தது, பிறகு முயலவும்' என்ற செய்தி யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லாக் கோப்பு அப்படி மழுப்பாது. ஸ்டீமில் அது நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் 'லாக்ஸ்' என்ற துணை ஃபோல்டரில் 'கன்டென்ட் லாக்' என்ற பெயரில் இருக்கும். மற்ற லாஞ்சர்கள் பலவும், நிரல்கள் தம் தரவைச் சேமிக்கும் ஆப்டேட்டா அல்லது புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் வைத்திருக்கும். கோப்பின் கடைசி ஐம்பது வரிகளைப் படித்தால் போதும். விண்டோஸின் பிழை எண்கள் சில அங்கே அப்படியே பதிவாகியிருக்கும்: 5 என்றால் அனுமதி மறுப்பு, 32 என்றால் அந்தக் கோப்பை வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கிறது, 112 என்றால் வட்டில் இடமில்லை, 23 என்றால் வட்டிலிருந்து படித்த தரவு பழுது. இந்த எண்களுள் ஒன்று கண்ணில் பட்டாலே இணையம், ரவுட்டர், சர்வர் என்ற பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு நம் கணினிக்குள் மட்டும் தேடலாம்.

லாஞ்சர் திறந்தவுடனேயே, பதிப்பைக்கூடக் கேட்க முடியாமல் நின்றால் முதலில் கணினியின் கடிகாரத்தைப் பார்ப்பேன். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோன கணினி, அணைத்துப் போடும்போதெல்லாம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். தேதி தவறினால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். லாஞ்சர் இணைப்பைத் துண்டித்துவிடும். தேதி சரியாக இருந்தும் சான்றிதழ்ப் பிழை வந்தால், சர்வர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கணினி வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்கள் பழையவையாக இருக்கக்கூடும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழங்கும் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய இயங்குதளங்கள் பலவற்றில் இப்படித்தான் நேர்ந்தது. இயங்குதளமே கைவிடப்பட்டதாகவும் இருக்கலாம். ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கு ஆதரவு தருவதில்லை.

லாகின் ஆகிறது, நண்பர்கள் பட்டியல் தெரிகிறது, பதிவிறக்கம் மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்ற நிலை இதைவிடச் சுவையானது. 'இணையம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லி எல்லோரும் ரவுட்டரை விட்டுவிட்டு வேறெங்கோ தேடப் போவது இந்த இடத்தில்தான். லாகினைக் கையாளும் சர்வர் ஒன்று, கோப்புகளைத் தரும் சர்வர் வேறொன்று. முன்னதை எட்ட முடிவதால் பின்னதையும் எட்ட முடியும் என்று பொருளில்லை. இதைச் சோதிக்க எளிய வழி, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துச் சில எம்பி மட்டும் இறக்கிப் பார்ப்பது. அங்கே ஓடினால் கேமும் லாஞ்சரும் நலம். கோளாறு வீட்டு இணைப்பில். அங்கேயும் ஓடாவிட்டால் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால், இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் வி.பி.என். நிரல், இணைய முகவரிகளைக் கையால் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் என்றோ சேர்த்து மறந்த வரிகள் என்று கணினிக்குள் தேட வேண்டும். மற்ற சோதனைகளைவிட இதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஐந்து நிமிடத்தில் முடியும், எதையும் கெடுக்காது, பிரச்சினையைச் சரிபாதியாக வெட்டித் தரும்.

வீட்டு இணைப்பில்தான் கோளாறு என்று தெரிந்தபின் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். லாஞ்சரில் பதிவிறக்கப் பகுதியை மாற்றும் வசதி இருந்தால் அதையும் முயலலாம். இரண்டும் வேறொரு சி.டி.என். சர்வருக்கு நம்மைத் திருப்பிவிட வாய்ப்புண்டு. அதற்கும் அசையாவிட்டால் எம்.டி.யு. என்ற, யாரும் திரும்பிப் பார்க்காத எண்ணைப் பார்க்க வேண்டும். இணையத்தில் தரவு பொட்டலம் பொட்டலமாகச் செல்லும்போது, ஒரு பொட்டலத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு அது. ஈதர்நெட்டில் 1500 பைட், ரவுட்டரில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணையும் பி.பி.பி.ஓ.ஈ. வகை இணைப்புகளில் அது 1492ஆகக் குறைகிறது. 'இந்தப் பொட்டலம் பெரிது, சிறியதாக அனுப்பு' என்று வழியிலுள்ள கருவி திருப்பியனுப்பும் ஐ.சி.எம்.பி. செய்தியை ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், சிறு பொட்டலங்களாகச் செல்லும் லாகின் தடையின்றி நடக்கும். முழு அளவுப் பொட்டலங்களாக வரும் கோப்பு மட்டும் வழியில் காணாமல் போகும். உடைக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் அளவில் பிங் என்னும் சோதனைப் பொட்டலத்தை அனுப்பி, பதில் வராவிட்டால் 1464 என்று குறைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தலைப்புப் பகுதிக்கான 28 பைட்டைக் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாக வரும். பாதி வேலை செய்யும் ஐ.பி.வி.6 (புதிய இணைய முகவரி முறை) இணைப்பும் இதே போன்ற தோற்றத்தைத் தரும். உலாவிகள் அது பதிலளிக்காவிட்டால் உடனே பழைய முறையான ஐ.பி.வி.4க்குத் தாவிவிடுகின்றன, ஆனால் எல்லா லாஞ்சர்களுக்கும் அந்தச் சாதுரியம் வாய்ப்பதில்லை.

அடுத்து, பதிவிறக்கம் முடிந்தும் சரிபார்ப்பில் தோற்பது. 'கோப்பு பழுதடைந்துள்ளது' என்ற செய்தி வரும். லாஞ்சர் தானாகவே மறுபடி இறக்கும். மறுபடி அதே செய்தி. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஒரேயொரு பிட் புரண்டாலும் மொத்தமாக மாறிவிடும். ஆகவே ஹேஷ் பொருந்தவில்லை என்ற செய்தியை நம்பலாம். எது அந்த பிட்டைப் புரட்டியது என்பதே கேள்வி. இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் அதே கோப்பு தோற்கிறதா, வேறு வேறு கோப்புகள் தோற்கின்றனவா என்பது. அதே கோப்பு, அதே இடம் என்றால் காரணம் அசையாத ஒன்று: வட்டின் பழுதான பகுதி, இறங்கியவுடன் அந்தக் கோப்பை மட்டும் பிடித்துச் சிறைவைக்கும் ஆன்டிவைரஸ், அல்லது வழியில் எங்கோ ப்ராக்ஸி என்னும் இடைநிலை சர்வர் ஒன்று பழைய பிரதியையே திரும்பத் திரும்பக் கொடுப்பது. கடைசி ஐயத்தை ஒருமுறை வி.பி.என். வழியாக இறக்கிப் பார்த்தால் தீர்த்துக்கொள்ளலாம். ஸ்டீமில் சரிபார்க்கும்போது ஒன்றிரண்டு கோப்புகள் எப்போதும் தேறாமல் போனால் அதற்காகக் கலங்க வேண்டாம். பயனரின் விருப்ப அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புகள் பட்டியலோடு பொருந்தாதது இயல்பே.

ஒருமுறை ஒரு கோப்பு, மறுமுறை இன்னொன்று, நேற்றுத் தேறியது இன்று தேறாது என்று அலைந்தால், கேமை விட்டுவிட்டுக் கணினியின் நினைவகமான ராமைச் சந்தேகிக்க வேண்டும். இதை உறுதிசெய்ய நான் செய்வது, பல ஜிபி அளவுள்ள ஒரு மூட்டைக் கோப்பை எடுத்து, பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையால் அதன் ஹேஷைக் கணக்கிட்டு, கணினியை அணைத்துப் போட்டு மறுபடி கணக்கிடுவது. அணைத்துப் போடாவிட்டால் இரண்டாம் முறை வட்டைத் தொடாமல் நினைவகத்தில் தங்கிய பிரதியிலிருந்தே விண்டோஸ் படித்துவிடக்கூடும். யாரும் தொடாத கோப்புக்கு இரண்டு வெவ்வேறு விடைகள் வந்தால், எந்த அப்டேட்டாலும் இந்தக் கணினியில் நிலைத்து நிற்க முடியாது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்.எம்.பி. எனப்படும் ராம் வேகக்கூட்டல் அமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி சோதிப்பதும், மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுவதும் ஓடவிடுவதும் அடுத்த வேலைகள். ராம் தேறிவிட்டால், வட்டு தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும். அதில், தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சி.ஆர்.சி. பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி பெரும்பாலும் வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான்; வட்டை மாற்றச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கேபிளை முதலில் மாற்றுங்கள்.

செயலியும் இந்தப் பட்டியலில் சேரும் என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் சில நிலைகுலைந்தபோது, அதன் அறிகுறிகளுள் ஒன்றாக வெளிப்பட்டது கேம் தரவை விரிக்கும் ஊடில் என்ற மென்பொருள் நூலகத்தின் பிழைச் செய்தி. சுருக்கிய தரவை விரிப்பது ஒரு பிட்கூடப் பிசகாமல் நடக்க வேண்டிய கனமான கணக்கு. அதனால் செயலியின் தள்ளாட்டம் அங்கே முதலில் வெளிப்படுகிறது. கேமைக் குறை சொல்லி அதை மறுபடி மறுபடி நிறுவியவர்கள் அப்போது ஏராளம். அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று சொல்லி இன்டெல் அந்த ஆண்டு ஆகஸ்டில் செயலியின் உள் ஆணைத்தொகுப்பான மைக்ரோகோடின் புதிய பதிப்பை வெளியிட்டது. பயாஸ் அப்டேட் வழியாக அது கணினிக்கு வந்துசேர்ந்தது. கேம் அப்டேட் ஆகவில்லை என்று வந்தவருக்கு பயாஸை அப்டேட் செய்யச் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

கடைசிப் படியான எழுதும் வேலையில் நேரும் தடைகள் எண்ணிக்கையில் அதிகம், ஆழத்தில் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பின்மேல் எழுத விண்டோஸ் விடாது. கேமை மூடிய பிறகும் அதன் ஒரு கிளை பின்னணியில் தங்கியிருந்தால் பிழை 32 வரும். டாஸ்க் மேனேஜரில் தேடி முடித்துவைத்தால், அல்லது கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீரும். ஆன்டிவைரஸ் சிறைவைத்த கோப்புகளை அதன் குவாரன்டைன் பட்டியலில் காணலாம். அந்தக் கேமின் ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதும், ஆன்டிவைரஸையே நிறுத்திவைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்க வேண்டாம். விண்டோஸ் 10இல் 2017 இறுதியில் வந்த கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதியை யாராவது இயக்கிவைத்திருந்தால், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் அது நம்பாத நிரல்கள் எழுத முடியாது. லாஞ்சருக்கு அது வெறும் அனுமதி மறுப்பாகவே தெரியும்.

பழைய கேம்களில் ஒரு விந்தை உண்டு. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முயலும் பழைய 32 பிட் நிரல்களை, விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் சத்தமில்லாமல் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் உள்ள வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. அப்டேட் ஆன தரவுக் கோப்பு அங்கே இருக்கும். அசல் ஃபோல்டரில் பழையதே இருக்கும். கேமைச் சாதாரணமாகத் திறந்தால் புதிய தரவும், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் பழைய தரவும் தெரியும். 'எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடு' என்ற அறிவுரை இந்தக் குழப்பத்தை இன்னும் சிக்கலாக்கும். கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றுவதே சரி.

தமிழில் பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு ஒன்றும் உண்டு. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்துகளில் அமைத்தால் ஆப்டேட்டாவுக்குப் போகும் பாதையிலும் அந்த எழுத்துகள் வரலாம். எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு முறையை அறியாத பழைய லாஞ்சர்கள் அந்தப் பாதையைக் கேள்விக்குறிகளாகப் படிக்கும். தமிழுக்கென்று விண்டோஸில் அத்தகைய நிரல்கள் பயன்படுத்தக்கூடிய, எழுத்துகளுக்கு எண் தரும் பழைய பாணிக் குறிமுறைப் பக்கம் எதுவும் இல்லாததால் வேறு வழியும் அவற்றுக்கு இல்லை. கோப்புப் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிப்பதில்லை, ஆகவே அப்டேட் அங்கேயே நிற்கும். கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. இலத்தீன் எழுத்துகளில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் முயல்வதுதான் வழி. 2000க்குப் பிந்தைய மென்பொருளில் இப்படி நேர்வது வெட்கக்கேடு என்பது என் கருத்து. ஆனால் நம் கருத்தைக் கேட்டு லாஞ்சர் திருந்தாது.

இவ்வளவும் பார்த்த பிறகு மறுபடி நிறுவ வேண்டியவையும் சில உண்டு: மேனிஃபெஸ்டின் உள்ளூர்ப் பிரதியே குலைந்து, சரிபார்க்கும் வசதியும் இயங்காதபோது வேறு வழியில்லை. அப்போதும் முதலில் லாஞ்சரின் பதிவிறக்கக் கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பை அழித்துப் பார்க்கலாம். அடுத்து லாஞ்சரை மட்டும் நீக்கி நிறுவி, கேமின் ஃபோல்டரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதைக் கண்டெடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பெரும்பாலான லாஞ்சர்கள் இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். நூறு ஜிபி மிச்சமாகும். முழுவதும் அழித்தே ஆக வேண்டுமென்றால் விசை அமைப்புகள், ஆட்ஆன்கள், லாக் கோப்புகள் ஆகியவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட வேண்டும். வர்ச்சுவல்ஸ்டோரில் தங்கிய கோப்புகள் கேமை நீக்கும்போது தாமாகப் போகமாட்டா என்பதால் அவற்றைக் கையால் நீக்க வேண்டும். அதற்குப் பின்னும் நின்றால் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம்: லாக் கோப்பு, தோற்கும் கோப்பின் பெயர், பிழை எண், யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரப்படி எப்போது நேர்ந்தது, ஹாட்ஸ்பாட்டில் என்ன ஆயிற்று என்ற ஐந்தும் முதல் மடலிலேயே இருந்தால், 'அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்' என்ற தயார் பதிலைத் தாண்டி, சர்வர் பக்கப் பதிவைத் திறந்து பார்க்கக்கூடிய ஒருவரிடம் அது போய்ச்சேரும் வாய்ப்பு கூடுகிறது.